திருப்பிக் கூப்பிடாத எண்

மாண்புமிகு அம்மா அவர்களுக்கு,

உன் மகன் இன்று தன் தட்டைத் தானே கழுவினான் என்பதை மிகுந்த பெருமிதத்துடன் அறிவிக்கிறேன்.

தலைமையாசிரியர் குரலில் பேசி வகுப்பையே எழுந்து நிற்கவைத்த பலகுரல் மன்னன் நான். வீட்டில் அடிபடும் பெண்களுக்கான உங்கள் அலுவலக உதவி எண்ணில் பெண் குரலில் பேசி உன்னையும் ஏமாற்றலாமென்று, திங்களன்று நண்பன் ஃபோனிலிருந்து கூப்பிட்டேன்.

நீ எடுத்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். "பேச முடியலைன்னா பரவாயில்லைம்மா. நீங்க வைக்கிற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்," என்றாய். மன்னனுக்குப் பேச்சே வரவில்லை. வைத்துவிட்டேன்.

புருஷன் எடுத்துவிட்டால் ஆபத்து என்று நீங்கள் யாரையும் திருப்பிக் கூப்பிடுவதில்லை. அதனால்தான் மூன்று நாளாகச் சாப்பிடும்போதுகூட, "அந்தப் பொண்ணு என்ன ஆனாளோ" என்கிறாய்.

அவள் பத்திரமாக இருக்கிறாள், அம்மா. அது நான்தான். நேரில் சொல்லத் தைரியமில்லாமல் பக்கத்து அறையிலிருந்து எழுதுகிறேன்.

உன் அசட்டுப் பிள்ளை