விசில் வராத குக்கரும் வெடிக்காத குண்டும்

குக்கர் பக்கம் யாரையும் அண்டவிடாத என் அம்மாவுக்கு,

நேற்று ஒருவனுடைய கை போயிருக்கும். போகவில்லை. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். அப்பாவிடம் சொன்னால் இன்றைக்கே மாதாப்பூரில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை தேடக் கிளம்பிவிடுவார்.

துப்பாக்கியோடு சேர்த்துக் குண்டு எறியும் குழாய் செய்யும் இந்த வேலை வேண்டாம் என்றுதானே நீயும் சொல்லிக்கொண்டிருந்தாய்? "ஏட்டி, துப்பாக்கி ஒண்ணு போதாதா? அதுக்கு அடியில வேற ஒரு குழாயை மாட்டி என்னத்தைக் கிழிக்கப் போறீய?" முன்பெல்லாம் துப்பாக்கியின் வாயிலேயே குண்டைச் செருகி, அதைத் தள்ளிவிட வெற்றுத் தோட்டா போட்டுச் சுடுவார்கள். பதற்றத்தில் நிஜத் தோட்டாவைப் போட்டுவிட்டால் முகத்துக்கு முன்னாலேயே வெடித்துவிடலாம். அந்தத் தவறுக்கே இடமில்லாமல் செய்யத்தான் இந்தத் தனிக்குழாய் என்றேன். "புதுசா ஒரு தப்புக்கு இடம் வைக்காம இருந்தா சரிதான்" என்றாய். உனக்குக் கரிநாக்கு அம்மா.

நேற்று சோதனைத் திடலுக்கு ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். ஐதராபாத் வெயில் மண்டையைப் பிளந்தது. பஞ்சாபிச் சிப்பாய் ஒருவன் குழாயில் குண்டைப் போட்டு, குறிபார்த்து, விசையை இழுத்தான். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அப்படி நின்றுபோனால், முனையைத் திடல் பக்கமே நீட்டியபடி அசையாமல் காத்திருக்க வேண்டும். அவனுக்கும் அது தெரியும். ஆனால் அதிகாரி பின்னாலிருந்து, "க்யா தேக் ரஹே ஹோ? கோலோ, ஜல்தி!" என்று, சீக்கிரம் திறக்கச் சொல்லி அதட்டினார். குழாயைத் திறக்க அவன் கை போனது. எனக்கு இந்தியும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை.

"ஏலே! தொடாதலே! தொட்டே, கையை ஒடிச்சிருவேன்!"

விசில் வராத குக்கர் பக்கம் தம்பி போனால் நீ போடும் அதே கூச்சல். எங்களை வாசலுக்கு விரட்டிவிட்டு, எவ்வளவு பசித்தாலும் அது ஆறும்வரை உள்ளே விடமாட்டாயே! எத்தனை கேலி செய்திருக்கிறோம் உன்னை.

சிப்பாய்க்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் கை அப்படியே நின்றது. அதிகாரி என்னை முறைத்தபடி "மேடம்..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் குண்டு கிளம்பிப் போய்த் தூரத்தில் வெடித்தது.

அவன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ஆப்னே க்யா போலா, மேடம்?" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் என்கிறான்! "என் அம்மா சொல்வதை" என்று தமிழிலேயே சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

நீ போன பிறகு அப்பா எலக்ட்ரிக் குக்கர் வாங்கிவிட்டார், அதில் விசிலே கிடையாது. உனக்குப் பிடித்திருக்கும்.

இன்று அதிகாரி, ஒரு குண்டு சரியில்லை, அவ்வளவுதானே என்கிறார். திங்கட்கிழமையே மறுபடி சுட வேண்டுமாம். அது ஏன் தாமதமாகக் கிளம்பியது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமையும் அதே சிப்பாய்தான் சுடப் போகிறான். நான் சொன்னால் கேட்பார்களா அம்மா?

கேட்காவிட்டால் நேற்றுப் போட்ட கூச்சலையே போடுகிறேன். காரணம் தெரியும்வரை ஒருத்தனையும் அதன் கிட்டே விடமாட்டேன். இது சத்தியம்.

உன் தொண்டையை வாங்கி வந்திருக்கும் மகள்,
சுமதி