சிலையைப் போலவே

பாப்பாவின் அம்மாவுக்கு,

நேற்று அவளை உன் வாசலில் விட்டபோது ஏன் பேசவே மாட்டேன் என்கிறாள் என்று கேட்டாய். அலுப்பு என்றேன். அது பொய்.

சுற்றுலா இடமாகிவிட்ட பழைய போர்க்களத்தில் கூடாரம் போட்டோம். அவளே ஆசையாக ஒரு முளை அடித்தாள். சாய்வு தப்பு. பிடுங்கி எறிந்தேன். "இதுகூடத் தெரியாதா? அப்படியே உங்கம்மா" என்று கத்தினேன்.

இரண்டு கையையும் தூக்கி, "சரண்டர்ப்பா" என்றாள். அங்கே கைதூக்கிச் சரணடைந்து நிற்கும் சிப்பாயின் சிலையைக் காலையில் காட்டியவன் நான்தான். பக்கத்துக் கூடாரக்காரர், "சரியான வாலு சார்" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நான் சொல்லும்வரை கையை இறக்கவும் இல்லை.

பாலம் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்குப் போடுகிறவன் நான்; அவள் எவ்வளவு தாங்குவாள் என்று பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் என்னோடு வருவாளா என்று கேள். என் முன்னால் கேட்காதே. சரி என்றுதான் சொல்வாள்.

இப்படிக்கு,
அவள் அப்பா