ஆனையிறவுக்குக் கேசரி

ஏப்ரல் 23, 2000. ஞாயிறு. பிளெய்ன்ஸ்பரோ, அமெரிக்கா.

இலங்கையில் ராணுவம் ஆனையிறவு முகாமைப் புலிகளிடம் விட்டுப் பின்வாங்கிவிட்டதாக இவர் இன்டர்நெட்டில் படித்துச் சொன்னார். கீழ்வீட்டு சுமதி யாழ்ப்பாணத்துக்காரி. சந்தோஷப்படுவாளே என்று கேசரி கிண்டி எடுத்துப் போனேன்.

“ஜெயிச்சுட்டீங்களாமே, கங்கிராட்ஸ்” என்றேன், ஏதோ கிரிக்கெட் மேட்ச் போல.

“என்ர தம்பியும் அங்கதான் நிண்டவன், அக்கா. இருக்கிறானோ தெரியேல்லை.”

அழவில்லை. கேசரியைத் தன் கிண்ணத்துக்கு மாற்றினாள். என் டப்பாவைக் கழுவித் துடைத்து, “வெறுமனே குடுக்கக்கூடாது” என்று சர்க்கரை நிரப்பித் தந்தாள். வாங்கிக்கொண்டு படியேறி வந்தேன்.

டப்பா அடுப்பு மேடையில் இருக்கிறது. வீட்டில் இருந்த சர்க்கரை முழுதும் கேசரிக்குப் போய்விட்டது. காலையில் இவர் காபி கேட்பார்.