கிட்டே போனால் சுடும் அண்ணனுக்கு

வம்பு இல்லாமல் ஒரு வாய்ச் சோறு இறங்காத என் அண்ணா,

நாம் சண்டை போட்டு எட்டு மாதம் ஆகிறது. இப்போது இந்த வீட்டில் யாரும் என் வேலையை மட்டம்தட்டுவதில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்போடு நடக்கிற நம் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் காட்சி செய்கிறவன். நான் செல்போன் கேமுக்கு ஆள் செய்கிறவள். "எங்க ஒரு ஃபிரேம முடிக்க மெஷின் ஆறு மணி நேரம் எடுத்துக்குது. நீங்க கண்ண சிமிட்றதுக்குள்ள பத்துப் பதினஞ்ச தள்ளிவுட்டுடறீங்க. அதெல்லாம் ஒரு வேலையா?" என்பாய். "உன் ஆளு வரைஞ்சு வெச்ச பக்கந்தான் பாப்பான். என் ஆளு நீ போற பக்கமெல்லாம் திரும்புவான். உன்னால முடியுமா?" என்பேன். தான் வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து எந்த மெஷின் மேலும் நம்பிக்கை இல்லாத அப்பா, "முள்ளு இருக்குது, பாத்து சாப்புடுங்க" என்று முடித்துவைப்பார்.

இப்போது நான் மட்டும் பேசுகிறேன். குறுக்கே பேச உன்னால் முடியாது.

உப்பளம் ஏரியாவில் இருக்கும் உன் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு வெள்ளக் காட்சிக்கு இரண்டு வருடம் கொடுத்தாய். தண்ணீர் சரியாகத் தெறிக்கவில்லை என்று அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வரவில்லை. உனக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு நீயே வரவில்லை. நாங்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு அசடு வழியத் திரும்பி வந்தோம். நெஞ்சு வலிக்கிறது என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தாயாம். கருவடிக்குப்பத்தில் உன்னை எரித்துவிட்டுத் திரும்பிய உன் பக்கத்து சீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னார். "ஷாட்டு முடியட்டும், அப்பறம் டாக்டரப் பாத்துக்கலாம்னாருங்க." முப்பத்தாறு வயது உனக்கு. யாருடைய வெள்ளம் அண்ணா அது?

அந்தப் படம் வந்தது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம். உன் வெள்ளம் பதினோரு நொடி வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே பாவம். கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும், அம்மாவால் அவ்வளவு வேகமாகப் படிக்க முடியாது என்று நான் வாய்விட்டுப் படித்தேன். வண்டி ஓட்டியவர்கள் பெயர் வந்தது, சமைத்தவர்கள் பெயர் வந்தது. உன் பெயர் வரவில்லை. விளக்கைப் போட்டு, விளக்குமாறோடு ஒருவர் வந்து, "எழுந்திரிங்கம்மா, அடுத்த ஷோவுக்குப் பெருக்கணும்" என்றார். அம்மா நகரவில்லை. "எம் புள்ள பேரு இன்னும் வரல, கொஞ்சம் இருங்க" என்றாள். அவர் பாவம், அடுத்த வரிசையைப் பெருக்கப் போனார்.

நீ உன் முகத்தையே சினிமா தரத்தில் செய்து வைத்திருந்தாயே, மூக்கின் மேலிருக்கும் அம்மைத் தழும்புவரை, ஒவ்வொரு இமை மயிராக? பதினாறாம் நாள் படத்திறப்புக்கு அதிலிருந்து ஒரு படம் எடுத்துத் தரும்படி உன் ஆபீஸில் கேட்டேன். "அவர் மெஷின வேற ஆளுக்குக் குடுத்தாச்சு மேடம், எல்லாத்தையும் அழிச்சிட்டோம்" என்றார்கள். வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம். அதில் நீ போலீசுக்குப் பதில் சொல்ல நிற்கிறவன் போல் இருக்கிறாய்.

மிச்சம் இருப்பது என் தப்பு ஒன்றுதான். எங்கள் வேலையில், ஓர் ஆளுக்கு வைக்கவேண்டிய முகம் தயாராகும்வரை கையில் இருக்கும் ஏதாவது ஒரு முகத்தைத் தற்காலிகமாக ஒட்டி வைப்போம். துறைமுகக் கேட்டில் துப்பாக்கியோடு நிற்கும் எதிரிக்கு உன் முகத்தை ஒட்டினேன். அதுவும் நீ கொடுத்ததுதான். உன் பெரிய முகத்தை என் மெஷினால் திறக்கவே முடியவில்லை. அதனால் சுருக்கி, வழித்து, "இந்தா, பொழச்சிப் போ" என்று கொடுத்தாய். மாற்ற மறந்துவிட்டேன். கேம் அப்படியே வெளியே போய்விட்டது. நீதான் ரொம்பச் சிரித்தாய். உன் போனில் அந்தக் கேட்டு வரைக்கும் ஆடி வைத்துக்கொண்டு, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டினாய்.

உன் போன் இப்போது அம்மாவிடம். போட்டோ பார்க்கப் போய், விரல் பட்டு அந்த கேம் திறந்துகொண்டது. "செல்வி, அண்ணன் இதுல நிக்கிறான்டி" என்று அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடி வந்தாள். பால் பாக்கெட்டைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேடுகிறவள், பத்து நாளில் கட்டைவிரலால் நடக்கக் கற்றுக்கொண்டாள். தினமும் மத்தியானம் உன்னிடம் வருகிறாள். சுடுகிற பட்டனைத் தொடுவதே இல்லை. பத்தடிக்குள் வந்ததும் நீ துப்பாக்கியைத் தூக்கி அவளைச் சுடுகிறாய். திரை சிவக்கிறது. அவள் முதலிலிருந்து நடந்து வருகிறாள்.

"ஏம்மா அவ்ளோ கிட்ட போற?" என்று கேட்டேன்.

"தள்ளி நின்னா மூஞ்சி வெளங்கல."

அது என் கைவேலை. தூரத்தில் இருப்பவர்களுக்கு முகத்தைக் கொஞ்சமாகக் காட்டினால் போதும், போன் தாங்காது என்று நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு. நீ இதைக் கஞ்சத்தனம் என்பாய். இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

"சுடறான், உனக்குக் கோவமே வரலியா?"

"அவன் என்னா பண்ணுவான்? ஆபீஸ்ல அப்டி சொல்லி வெச்சிருக்காங்க. அங்கயும் வேலதான் பாக்கறான்."

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். உன்மேல் வந்த கோபமா, என்மேல் வந்ததா என்று தெரியவில்லை.

போன வாரம் எங்கள் டீம் லீட் கூப்பிட்டார். "அடுத்த அப்டேட்ல அந்தக் கேட்டு ஆளோட மூஞ்ச மாத்திடுங்க செல்வி. தற்காலிகமா வெச்சதுதான, எவ்ளோ நாளு வெச்சிருப்பீங்க?" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லி, அந்த ஏசி ரூமில் பத்துப் பேர் எனக்காக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லித்தானே ஆகவேண்டும். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "எடுத்தா எடுத்துக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒரு தடவ அவங்கிட்ட போயி நிக்கணும். அவன் சுடாம. உன்னால முடியுமா முடியாதா?"

முடியும். உன் போனுக்கு மட்டும் தனியாக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அதில் துறைமுகம் இல்லை, கப்பல் இல்லை, வேறு ஆள் இல்லை. அந்தப் போனுக்கு இருக்கிற சக்தி மொத்தமும் உன் ஒருவன் முகத்துக்கு. எவ்வளவு தூரத்தில் நின்றாலும் குறையாது. உன் ஆறு மணி நேரத்துக்குப் பக்கத்தில்கூட வராது என்று தெரியும். ஆனால் உன் ஆறு மணி நேரத்தில் எங்களுக்கு எது மிஞ்சியது, சொல்.

துப்பாக்கியை நேற்றே எடுத்துவிட்டேன். அம்மா பத்தடிக்குள் வந்தால் நீ என்ன செய்யவேண்டும் என்று குறிக்கும் இடத்தில்தான் நின்றுவிட்டேன். சுடு என்றிருந்ததை அழித்தாயிற்று. என்ன எழுதுவது? சிரிக்கவைக்கவா, கையாட்டவைக்கவா? அம்மாவையே கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய வேணாம்டி. வேலைய வுட்டுட்டு சும்மா நிக்கட்டும்."

அப்படியே எழுதுகிறேன் அண்ணா. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா கையில் கொடுத்துவிடுவேன். இனி யார் சொன்னாலும் உனக்கு ஒரு வேலையும் வைக்கமாட்டேன்.

உன் தங்கச்சி,
செல்வி