நான்கு மணிக் கால்கள்

மார்ச் 3, செவ்வாய்

கூடத்தில் மின்விசிறி சுற்றுகிறதே தவிரக் காற்றைக் காணோம். நாள் முழுக்க வீட்டில்தான்.

மகளின் காலணி ஆலைக்குக் கடல் தாண்டி வந்துகொண்டிருந்த ஆர்டர் நின்றுவிட்டது. ஓடுகிறவர்கள் போடும் காலணி. அந்த நாட்டில் வரியை ஏற்றிவிட்டார்களாம். நம் சரக்கு அங்கே போய் இறங்கினால் யானை விலை. செப்டம்பர் வரை பார்ப்பாளாம். அதற்குள் வேறு வழி பிறக்காவிட்டால் கட்டடத்தை விலைக்குக் கேட்கும் கிடங்குக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுத் தலைநகரில் வேலைக்குப் போகிறாளாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, என் பெண்டாட்டி இவள் எழுதுகிறாள். காலமெல்லாம் என் பேச்சைத் திருத்தியது போதாதென்று இப்போது எழுத்திலும் திருத்துகிறாள். எழுதடி, இதையும் எழுது.

மார்ச் 9, திங்கள்

நெட்டையன் வந்தான். ஆலையில் தையல் எந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்ந்தவன், என் வயதுக்காரன். தொலைக்காட்சியில் கோட்டு போட்ட ஒருவர் பேசினார். நம் வட்டாரத்துக்கு இனி வளர்ச்சி மந்தம்தானாம். காரணம் மூன்று: வெளிநாட்டு வரி, ஏறிக்கொண்டே போகும் வெயில், பெருகிவிட்ட முதியவர்கள்.

"டேய், மூணாவது காரணம் நாமதான். எழுந்து நேரா உட்காரு, டிவியில சொல்றாங்க!" என்றான்.

விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் போன பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் பொய்யா சொன்னார்? மத்தியானம் ஆலைக்குள் தகரக் கூரையின் கீழே நிற்க முடிகிறதா? எங்கள் தெருவில் மீசை கறுத்த ஆண்பிள்ளை ஒருவன் இருக்கிறானா?

மார்ச் 20, வெள்ளி

மகள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடுகிறது. பக்கத்து நாட்டில் முதியவர்களுக்கென்றே கடைகள் நடத்தும் ஒரு அம்மாள் பார்ப்பதற்குச் சில மாதிரிக் காலணிகள் கேட்டிருக்கிறாராம். அங்கேயும் இங்கே போலத்தான், தெரு முழுக்கக் கிழடுகள். குனிந்து கயிறு கட்ட வேண்டாத காலணி, முன்பக்கம் அகலம், மேலே ஒட்டுப்பட்டை. லாரியிலேயே போய்விடும். அந்த எல்லையில் பெரிய வரியும் இல்லை.

தைக்க ஆள்? இளசுகள் எல்லாம் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். மகள் ஓய்வு பெற்றவர்களை வீடு வீடாகத் தேடிப் போனாள். வெயிலுக்கு முந்திக்கொண்டு விடிகாலை நான்கு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடித்துவிடலாம் என்றாள். முதலில் என் தங்கை வீடு. அந்தக் காலத்தில் அவள் தையலுக்குப் போட்டியே கிடையாது.

"ஊசியில நூல் கோக்க முடியல, முட்டி மடங்கல, நீ வேற ஆலைங்கறே. போடி வேலையப் பாத்துக்கிட்டு," என்றாள்.

மகள் எழுந்து வாசல் வரை வந்துவிட்டாள்.

"ஏய், நில்லு! எத்தனை மணிக்குன்னு சொன்னே?"

ஏப்ரல் 6, திங்கள்

இன்றுதான் தொடக்கம். கால் வடிவில் செதுக்கிய அச்சுக்கட்டைகளைக் கையில் எடுத்ததும் எனக்குள் என்னவோ நிமிர்ந்தது. அவற்றின் மேல் தோலை இழுத்து மாட்டுவதுதான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் வேலை. எந்தக் கட்டை எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஏப்ரல் 18, சனி

முதல் ஜோடிகளை நாங்களே போட்டுப் பார்த்தோம். வெளியே இன்னும் இருட்டு. எல்லாருக்கும் பாந்தமாக இருந்தது. நெட்டையன் மாப்பிள்ளை மாதிரி நடந்து காட்டினான். இனிக் கவலை இல்லை.

மே 11, திங்கள்

அனுப்பிய சரக்கு திரும்பி வந்துவிட்டது. அத்தனை பெட்டியும்.

மே 12, செவ்வாய்

நேற்று வாயைத் திறக்க முடியவில்லை. இன்று சொல்கிறேன்.

"காலையில நல்லா இருக்குதாம்ப்பா. மத்தியானத்துக்கு மேல கால் செத்துப் போகுதாம். கழட்டி வீசறாங்களாம்," என்றாள் மகள்.

அது எப்படி? ஒரே கால், ஒரே காலணி. தோல் சுருங்குகிறதா? பசையா? கட்டையே தப்பு என்று நெட்டையன் என்னைச் சொன்னான். ஏன்டா, உன் எந்திரம் தையலை இழுத்திருக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். இந்த வயதில் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டது. வெட்கக்கேடு.

சாயங்காலம் நான்கு மணிக்கு என் தங்கை தெருவே கேட்கக் கத்திக்கொண்டு வந்தாள். கடைக்குப் போகத் தன் மாதிரி ஜோடியைப் போட்டிருக்கிறாள்.

"அண்ணா, இது செருப்பா, எலிப்பொறியா? கழட்ட வரமாட்டேங்குது!"

மகள் அவள் காலடியில் உட்கார்ந்து இழுத்தாள். கழன்று வந்த காலைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தன.

"அப்பா… நாம எப்பப் போட்டுப் பாத்தோம்?"

விடிகாலையில்! ராத்திரி முழுக்கப் படுத்து வற்றிப்போன காலில்! வெயிலுக்குப் பயந்து வேலையை இருட்டுக்கு மாற்றினோம், கூடவே அளவையும் இருட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். காலணி போடுகிற கிழவன் கிழவிகள் விடிகாலையிலா கடைக்குப் போகிறார்கள்? தினமும் மத்தியானம் என் கால் வீங்குகிறது. பழைய செருப்பைத்தானே தேடிப் போடுகிறேன். அட மக்குப் பயலே!

நெட்டையன் வாசலில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறான். "கட்டை மேல தப்பில்ல, கடிகாரத்து மேலதான் தப்பு," என்றான். அதுதான் அவன் மன்னிப்பு. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

மே 15, வெள்ளி

அந்த அம்மாள் இன்னும் ஒரு முறை, ஒரே ஒரு முறை, என்று சொல்லியிருக்கிறாராம்.

இனி வேலை விடியலில், அளவு சாயங்காலம். மேல்பாதம் வரும் இடத்தில் கட்டையின் மேல் தோல் துண்டு ஒட்டி மேடாக்கினேன். மகள் ஒட்டுப்பட்டையை நீளமாக்கி, பக்கவாட்டில் இழுத்தால் விரியும் துணி வைத்தாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. நான்கு மணிக்கு எல்லாரும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, கால் நன்றாக வீங்கிய பிறகு வந்து போட்டுப் பார்க்கிறோம். "பெருசுங்க ஊர்வலம் எங்கே போகுது?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "பரீட்சைக்கு!" என்றாள் தங்கை.

மே 23, சனி

இவளுக்குக் கை வலியாம். சுருக்கமாக: இவள் கால்தான் எல்லாவற்றிலும் முரண்டு பிடிக்கிற கால். அதற்கும் பொருந்திவிட்டது. (கால் மட்டும்தான் முரண்டு பிடிக்கிறதா என்று கேட்கிறாள்.)

ஜூன் 2, செவ்வாய்

லாரி போயிற்று. கண்ணை விட்டு மறையும் வரை ஒருவரும் உள்ளே போகவில்லை.

ஜூன் 30, செவ்வாய்

அந்த அம்மாள் வாங்க மாட்டேன் என்று சொல்லவில்லை. வெறுமனே வேண்டும் என்றும் சொல்லவில்லை. தன் எல்லாக் கடைக்கும் வேண்டும் என்றாராம்! மாதா மாதம்! மகள் போனைக் கீழே வைத்துவிட்டு எங்கள் நடுவில் வந்து நின்றாள். அழுகையா, சிரிப்பா? தங்கை மட்டும், "சொல்லித் தொலைடி, உயிர் போகுது!" என்றாள். சொன்னதும் நெட்டையன் விசில் அடித்தான். பல் இல்லாமல் எப்படி அடித்தான் என்று தெரியவில்லை.

ஜூலை 8, புதன்

கிடங்குக்காரர் அளவு நாடாவோடு வந்துவிட்டார், செப்டம்பர் கெடு நெருங்குகிறதல்லவா. மகள் நாற்காலி போட்டாள்.

"அளக்க வந்தீங்களா? உக்காருங்க. காலை நீட்டுங்க. நாலு மணி ஆகப் போகுது."

ஒரு ஜோடி வாங்கிக்கொண்டுதான் போனார். தன் அம்மாவுக்கும் ஒன்று.

ஆகஸ்ட் 19, புதன்

தங்கை மகனும் மருமகளும் தலைநகரிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஆலையில் வேலை. அளவு பார்க்கத் தானும் வரட்டுமா என்று கேட்டான். "உன் காலு எப்பவும் ஒரே மாதிரி இருக்கும், ஒண்ணுக்கும் உதவாது. போய்த் தோல் வெட்டு," என்றாள் அவன் அம்மா.

அக்டோபர் 14, புதன்

மழை தப்பித் தப்பிப் பெய்கிறது, வெயில் இன்னும் அடங்கவில்லை. இன்று வேலைக்குப் போகும் வழியில், ஆலைக்கு எதிரே பூட்டிக் கிடந்த டீக்கடை திறந்திருந்தது. விடிகாலை மூன்றரைக்கு! கடைக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "உங்களால என் தூக்கம் போச்சு பெரியவரே," என்று திட்டினார். பதில் சொல்லலாம் என்று பார்த்தேன். பெஞ்சில் இடம் இல்லை, எனக்குப் பின்னால் ஆலைக்குப் போகிற இளசுகள் நிற்கிறார்கள். "சீக்கிரம் தாத்தா," என்கிறார்கள். நின்றபடியே குடித்தேன்.