கோல் காப்பவளின் விலாசம்

மே 6, செவ்வாய்

ஆறே முக்காலுக்கு டண்டினோங்கிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து வெளிக்கிட்டோம். கிளென் வேவர்லியில் நிரூபா மச்சாளின் தெரு வந்ததும் மகள் டிலக்சி காருக்குள்ளேயே கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். அங்கிருந்து நடந்து போனால் அந்த வீட்டுப் பிள்ளை மாதிரித் தெரியும். இது நாலாவது வருடம்.

அவள் படிக்கிற அரசாங்கப் பாடசாலையில் சேர ஸோனுக்குள், அதாவது அந்தப் பாடசாலைக்கென்று வகுத்த எல்லைக்குள், குடியிருக்க வேண்டும். மச்சாளின் வீடு ஸோனுக்குள். எங்கள் வீடு இல்லை. 'என் மகள் இந்த விலாசத்தில்தான் வசிக்கிறாள்' என்று சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தவள் நான். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொறாமை எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

பின்னேரம் ஜெய்னம்பு போன் எடுத்தா. அவவின் மகள் ரிஃப்காவும் டிலக்சியும் ஒரே லக்ரோஸ் அணி; வலை கட்டிய தடியால் பந்தெறிகிற விளையாட்டு. ரிஃப்கா கோல் அடிப்பாள், இவள் கோல் காப்பாள். மேட்டுத் தெருவிலுள்ள தனியார் பாடசாலை, டிலக்சி 'பச்சைக் கோட்டுக்காரர்' என்று சொல்கிற இடம், ரிஃப்காவைக் கூப்பிட்டு இந்தக் கிழமையே சேர்த்துவிட்டதாம்.

"நான் வாணாண்டு சொல்ல ஏலுமா மலர்? புள்ளட படிப்பு முழுக்க அவங்கட பொறுப்பாம்."

ஏலாதுதான். ஆனால் எனக்கு எரிந்தது.

மே 8, வியாழன்

14–3. பச்சைக் கோட்டிடம் தோற்றோம். ஐந்து கோல் ரிஃப்கா அடித்தது. அவர்களுக்கு இரண்டு பயிற்சியாளர், சொந்த பஸ். எங்களுக்குக் கணக்குப் படிப்பிக்கிற மிஸ் கார்ட்னர், இரவல் தடிகள், கோல் காப்பவளுக்கு ஒரே ஒரு பழைய தலைக்கவசம்.

மே 15, வியாழன்

பெற்றோர் கூட்டம். பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காதே!

எழும்பி நின்று சொன்னேன்: "எங்களுக்கு ஒரு வேலி இருக்கு. அதுக்குள்ளை இருக்கிற பிள்ளையளோடைதான் நாங்கள் விளையாடுறம். அவைக்கு வேலியே இல்லை. எங்கடை வேலிக்குள்ளையும் வந்து பிடுங்கினம். இது நியாயமோ?" பாதி இங்கிலிஷ், பாதி தமிழ். ஆனாலும் எல்லோரும் கை தட்டினார்கள். மிஸ் கார்ட்னர் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு மனு எழுதினா. முதல் கையெழுத்து என்னுடையது. ஜெய்னம்புவின் இளைய பிள்ளை இன்னும் இங்கேதான்; கடைசி வரிசையில் இருந்தவ, கூட்டம் முடிய முதலே போய்விட்டா.

காருக்குள் ஏறிய பிறகுதான் உறைத்தது. வேலியைப் பற்றிப் பேச இந்த ஊரில் நான்தானா கிடைத்தேன்?

மே 16, வெள்ளி

வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நினைவு வந்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில் விலாசம் கேட்டிருந்தார்கள். நான் டண்டினோங் விலாசத்தை எழுதிவிட்டேன்.

நாலு வருடம் எத்தனை படிவம், மச்சாளின் விலாசத்தை எழுத ஒருதரம்கூட மறந்ததில்லை. மாதாவே, கோபத்தில் உண்மையை எழுதிப்போட்டேனே.

மே 17, சனி

மனு நேற்றே போய்விட்டதாம். இவரிடம் சொன்னேன். றெக்சன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "ஆர் பாக்கப் போகினம், விடு" என்றார். பிறகு அவரும் சாப்பிடவில்லை.

மே 26, திங்கள்

ஒன்றுமில்லை. தெரியாத நம்பர் அடித்தால் எடுப்பதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. மிஸ் கார்ட்னர் எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பியிருக்கிறா. மூன்று தரம் வாசித்தேன்.

தனியார் பாடசாலைகளுக்கு ஸோன் என்று ஒன்று இல்லை, ஆகவே அவர்களிடம் பார்க்க ஒன்றுமில்லையாம். அரசாங்கப் பாடசாலைகளுக்கு ஸோன் உண்டு. பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற கேள்வியை நாங்களே கிளப்பியிருப்பதால், எங்கள் அணிகளின் விலாசங்களை மட்டும் சரிபார்ப்பார்களாம். பெற்றோரின் பெயரில் வீட்டுப் பில் இரண்டு, பதின்மூன்றாம் திகதிக்குள் கொடுக்க வேண்டும்.

நியாயம் கேட்கப் போனவர்களைத்தான் சோதிக்கிறார்கள். அதில் முதல் ஆள் நான்.

ஜூன் 5, வியாழன்

மச்சாளின் மனிசன் அருந்தவன் வழி சொன்னார். "கரண்ட் பில்லிலை மலரின்ரை பேரையும் போடுவம். ரெண்டு நிமிச வேலை." மச்சாள் எங்கள் பக்கம் திரும்பாமல் தேத்தண்ணி ஊற்றினா. பிடிபட்டால் அவர்களுக்கும் வில்லங்கம். அது தெரிந்தும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

டிலக்சியைப் பாடசாலையிலிருந்து எடுத்துவிட்டால்? பதினோராம் வகுப்புக்கு எங்கே போவாள்? சத்தியக் கடதாசிக்கு என்ன தண்டனை? இணையத்தில் தேடினேன். பாதியிலேயே மூடிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

மிஸ் கார்ட்னர் போன் எடுத்தா. குரல் மெதுவாக இருந்தது. மனுவில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வேறொரு விலாசம் இருக்கிறதே, மாறி எழுதிவிட்டீர்களா என்று கேட்டா. கேட்டுவிட்டுக் காத்திருந்தா. தப்ப வழி விடுகிறா என்று எனக்கு விளங்கியது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

குசினியில் டிலக்சி நின்றாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுவிட்டாள்.

"அம்மா, ஜஸ்ட் டெல் ஹர்."

என்ன சொல்லச் சொல்கிறாள், பொய்யையா உண்மையையா? அவளைப் பார்த்தேன். அவள் தலையாட்டவும் இல்லை, அழவும் இல்லை. "ஐ கான்ட் டை மை டை இன் தி கார் எனிமோர்" என்றாள். இனிக் காருக்குள் கழுத்துப்பட்டி கட்ட அவளால் ஏலாதாம்.

சொன்னேன். அதுதான் எங்கள் வீடு, மச்சாளின் வீட்டில் அவள் ஒரு இரவுகூடப் படுத்ததில்லை என்று சொன்னேன். "நான் இதை அதிபரிடம் சொல்ல வேண்டும்" என்றா. அவவுக்கும் அழுகை வந்திருக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

அதிபர் ஏசவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. வருட முடிவு வரை டிலக்சி படிக்கலாம், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். அணியிலிருந்து பெயர் வெட்டியாயிற்று. வேறு கோல்கீப்பர் இல்லையாம், சின்ன வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்துவார்களாம்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. கை தட்டிய அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

தெரியாத நம்பர். எடுக்காமல் விட்டேன். திரும்ப அடித்தது.

பச்சைக் கோட்டுப் பாடசாலையின் விளையாட்டுப் பொறுப்பாளர். டிலக்சி மே மாதம் பதினான்கு கோல் விட்டாலும் இருபதுக்கு மேல் தடுத்தாளாம், எண்ணி வைத்திருக்கிறார்கள். முழு உதவியோடு அடுத்த தவணையிலிருந்து வரலாமாம், பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை. நான் முந்திக்கொண்டு, நாங்கள் டண்டினோங்கில் இருக்கிறோம் என்றேன். அந்த மனிசி சிரித்துவிட்டு, "எங்கே இருந்தாலும் பரவாயில்லை, ஸ்டேஷனுக்கு எங்கள் பஸ் வரும்" என்றா.

ஜூன் 25, புதன்

றெக்சனுக்கு உடனே சம்மதம். "அங்கை ஒருத்தரும் விலாசம் கேக்கேல்லை. இனி என்னத்துக்குப் பயம்?"

டிலக்சி என்னைத்தான் கேட்டாள். "நீங்கள்தானே அம்மா அது நியாயமில்லை எண்டு சொன்னது?" இதை மட்டும் தமிழில் கேட்டாள்.

நியாயமில்லைதான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த வருடம் அவளுக்கு ஒரு பாடசாலையும் இல்லாமல் போனால் நான் செத்துப்போவேன். பயம் வந்தால் எனக்கு நியாயம் எல்லாம் இரண்டாம்பட்சம். ஜெய்னம்புவை நினைத்து வெட்கமாக இருந்தது. அவவிடம் மன்னிப்புக் கேட்கப் போன் எடுத்தேன். அவ, "மன்னிப்பெல்லாம் கெடக்கட்டும் மலர், கோட்டு ஒரு சைஸ் பெருசா எடுங்க" என்றா.

படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

முதல் நாள். ஏழரைக்கு வெளிக்கிட்டாலே போதும். ஆனாலும் ஐந்தரைக்கே முழிப்பு வந்துவிட்டது.

ஜூலை 31, வியாழன்

பழைய பாடசாலையோடு மாட்ச். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். மிஸ் கார்ட்னர் தூரத்திலிருந்து கை காட்டினா. மற்றவர்கள் காட்டவில்லை.

பக்கத்தில் ஒரு தமிழ்நாட்டுப் பெண், பெயர் விமலா. பழைய பாடசாலைக்குப் புதிது, என்னைத் தெரியாது. அவவின் மகள் வினுஷா எட்டாம் வகுப்பு. கோலுக்குள் நின்ற பிள்ளை அதுதான். தலைக்கவசம் பெரிது, ஓடும்போது ஆடியது.

"இவ விளையாட ஆரம்பிச்சு ஒன்றரை மாசம்தாங்க ஆகுது. யாரோ ஒரு பொண்ணு போயிடுச்சாம், டீச்சர் கெஞ்சிக் கேட்டாங்க" என்றா விமலா. "இந்த ஸ்கூலுக்காகத்தாங்க ஸோனுக்குள்ள வந்தோம். ஒரு பெட்ரூம் யூனிட்ல நாலு பேர் இருக்கோம். பரவால்ல, நேர்மையா வந்தோம்ல."

இவவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் மட்டும் எனக்கு இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

ரிஃப்கா அடித்துக்கொண்டே இருந்தாள். ஒன்பது, பத்து. பழைய அணிக்கு ஒரே ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. ஒரு பிள்ளை தனியாக ஓடிவந்து எறிந்தாள். விமலா கத்திக்கொண்டு துள்ளினா. டிலக்சி பாய்ந்து தடுத்துவிட்டாள். என் கை என்னைக் கேட்காமல் தட்டிவிட்டது.

விமலா திரும்பிப் பார்த்தா. "உங்க பொண்ணா?"

"ஓம்."

"சூப்பரா பிடிக்கிறாங்க. இதுக்கு முன்னாடி எந்த ஸ்கூல்?"

நான் எதிர்ப்பக்கம் கை காட்டினேன். அங்கே வினுஷா குனிந்து, வலைக்குள்ளிருந்து பதினோராவது பந்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.