நீ பார்த்த ஜன்னல்

காலையில் வேலைக்குப் போகக் கதவைத் திறந்ததும் ஈரச் சீமெந்தின் மணம் வந்தது. எங்கள் மாடியில் சுவர் பூசுகிறார்கள். லிஃப்ட் வரை போனேன், அதற்குள் ஏற முடியாமல் திரும்பிவிட்டேன். நீ உயிரோடு இருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன். வேறு யாரிடம் சொல்வது?

ஊரில் இராணுவம் முகாமாக்கியிருந்த அந்த வீட்டில், சமையலறைக்குப் பக்கத்துச் சாமான் அறைக்குள் நம் இருவரையும் போட்டார்கள். நாம் உள்ளே இருக்கும்போதே வெளியில் நின்று ஜன்னலைக் கல் வைத்துச் சீமெந்தால் பூசினார்கள். கடைசிக் கல் வரை நீ வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்து, "மெதுவா மூச்சு விடு மச்சான். இருக்கிற காத்து ரெண்டு பேருக்கும் காணும்" என்றாய்.

கனடாவுக்கு வந்த பிறகு, ஸ்காபரோவில் நீ வாடகைக்கு இருந்த பேஸ்மென்டில் அறைக் கதவுகளையெல்லாம் கழற்றிவிட்டாய். உன் மனைவி திரைச்சீலை தைத்துப் போட்டார். வந்தவர்கள் கேட்டால் காற்றோட்டத்துக்கு என்பாய்.

போர் முடிந்து சில வருடங்களில் என்னையும் இழுத்துக்கொண்டு ஊருக்குப் போனாய். வீட்டுக்காரர்கள் திரும்பிவந்து குடியிருந்தார்கள். நாம் யாரென்று தெரிந்ததும் அந்த அக்கா பயந்துபோனார்.

"நாங்கள் வரேக்கை வீடு வெறுமையாக் கிடந்தது தம்பி. எங்களுக்கு ஒண்டும் தெரியாது."

அறையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறோம், வேறொன்றும் வேண்டாம் என்றாய். உள்ளே போய் நெடுநேரம் நின்றாய். நான் சமையலறையைத் தாண்டவில்லை.

"வா மச்சான், கல்லை உடைச்சு ஜன்னலைத் திறந்துவிட்டிருக்கினம். வெளியிலை மாதுளை பூத்திருக்கு."

நான் அங்கேயே நின்றேன். நீ மறுபடி கூப்பிடவில்லை.

நேற்று அந்த அக்காவின் மகள் போன் எடுத்தாள். பிக்கரிங்கில் இருக்கிறாளாம். உன் மனைவிதான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அம்மா வீட்டை விற்றுவிட்டார், வாங்கியவர்கள் இடித்துக் கட்டப்போகிறார்கள் என்றாள்.

"இடிக்க முதல் அங்கை நடந்ததை ஆராவது சொல்லி வைக்கோணும் அங்கிள். அந்த அறையிலை இருந்த ஆக்களிலை எங்களுக்குத் தெரிஞ்சது இப்ப நீங்கள் மட்டும்தான்."

ஓம் என்றேன். சனிக்கிழமை கேமராவோடு வருகிறாள்.

உன் பெயரைச் சொல்வேன். நடந்ததைச் சொல்வேன். ஆனால் மாதுளையை எப்படிச் சொல்வது? நீதான் பார்த்தாய். வெளிச்சம் வந்த அறையிலிருந்து நீ வெளியே வந்தாய். வீட்டை இடித்த பிறகும், எனக்குத் தெரிந்த அறை அடைபட்டபடியே இருக்கும். அதற்குள் தனியாக இருக்க நான் இனித்தான் பழக வேண்டும்.